சம்பள மென்பொருளில் விடுமுறை நாட்களை ஏற்றும் முறை: புதியவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

மாட்டுத்தாவணி, மேலூர், திண்டுக்கல் ஆகிய மூன்று இடங்களில் கிளை வைத்திருக்கும் ஓர் உணவகத்தின் சம்பளக் கணக்கை நான் பார்த்து வருகிறேன். பேரேட்டிலிருந்து மென்பொருளுக்கு மாறிய முதல் ஆண்டில், தமிழக அரசு வெளியிடும் பொது விடுமுறைப் பட்டியலை அப்படியே உள்ளே ஏற்றிவிட்டேன். ஏப்ரல் மாதச் சம்பளம் போட்டபோது எல்லோருக்கும் ஒரு நாள் சம்பளம் கூடுதலாக விழுந்திருந்தது. தேடிப் பார்த்ததில், வங்கிகளின் ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக ஏப்ரல் 1 அன்று விடப்படும் விடுமுறை பரோட்டா மாஸ்டருக்கும் சேர்ந்து கிடைத்திருந்தது தெரிய வந்தது. எனவே கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் முதலில் எழுத வேண்டியவை, 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டம் தரும் நாட்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கும் மாறாதவை; இவற்றோடு, அச்சட்டப்படியான தொழிலாளர் துறை ஆய்வாளர் உங்களையும் பணியாளர்களையும் கலந்து குறிக்கும் ஐந்து பண்டிகை நாட்களும் சேர்ந்து ஒன்பது ஆகும். மென்பொருளில் இந்த ஒன்பதை மட்டும் ‘சம்பளத்துடன் கூடிய கட்டாய விடுமுறை’ என்ற வகையில் வையுங்கள். நிர்வாகம் தானாக விரும்பித் தரும் நாட்களுக்குத் தனி வகை ஒன்றை உருவாக்குங்கள்; ஏனெனில் கணக்கிடும் விதி வகையோடு ஒட்டியதே தவிர, தேதியோடு ஒட்டியதன்று.

அடுத்து, கிளைக்கு ஒரு நாட்காட்டி வேண்டும். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மாவட்ட ஆட்சியர் மதுரை மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். அது மேலூர் கிளைக்குப் பொருந்தும், திண்டுக்கல்லுக்குப் பொருந்தாது. ஆனால் அது அரசு அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் உரியது, பெரும்பாலும் பின்னால் ஒரு சனிக்கிழமை வேலை நாளாக ஈடுசெய்யப்படுவது. அந்த அறிவிப்பை மட்டும் வைத்து உங்கள் பணியாளர்களுக்கு அதைக் கட்டாய விடுமுறையாக ஏற்றிவிடக் கூடாது. உங்கள் ஐந்து பண்டிகைகளில் அதுவும் ஒன்றாக இருந்தால் மட்டுமே ஏற்ற வேண்டும். மேலும், ‘ஆண்டுதோறும் இதே தேதி’ என்ற பெட்டியில் டிக் போடாதீர்கள். 2023இல் மே 5, 2024இல் ஏப்ரல் 23, 2025இல் மே 12 என்று அந்த நாள் நகர்ந்துகொண்டே இருந்தது. 2026இல் அந்த நாளான சித்ரா பௌர்ணமி மே 1 அன்றே வருவதால், தொழிலாளர் தினமும் அதுவும் ஒரே தேதியில் இரண்டு பதிவுகளாக நின்று, சில மென்பொருள்களில் இரண்டு நாள் சம்பளமாகக் கணக்காகிவிடும். அங்கே ஒரு பதிவை நீக்கிவிட்டு, பண்டிகைக்கு மாற்று நாள் தருவதா என்பதைப் பணியாளர்களோடு பேசி முன்கூட்டியே முடிவு செய்வது நல்லது. பிறை பார்த்து அறிவிக்கப்படும் ரம்ஜான், பக்ரீத் நாட்களை ‘தற்காலிகம்’ என்று குறித்து வைத்து, அறிவிப்பு வந்த அன்றே உறுதி செய்யுங்கள்.

இனி, விடுமுறையில் வேலை செய்தவருக்கு என்ன தருவது என்ற விதி. ஊரெல்லாம் கொண்டாடும் நாளில்தான் உணவகத்தில் கூட்டம் அதிகம் என்பதால் எங்களுக்கு இதுவே முக்கியமான திரை. வேலைக்கு வரச் சொல்பவருக்குக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இரட்டைச் சம்பளமா, அன்றைய சம்பளத்தோடு சம்பளத்துடன் கூடிய மாற்று விடுப்பா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பணியாளருடையது. ஆகவே மென்பொருளில் இதை நிறுவனம் முழுமைக்கும் ஒரே அமைப்பாகப் பூட்டாமல், ஆளுக்கு ஆள் மாற்றும்படி திறந்து வையுங்கள்.

இந்த இடத்தில்தான் புதியவர்கள் அதிகம் தவறுகிறார்கள். மாதம் 20,800 ரூபாய் வாங்கும் மாஸ்டருக்கு, வார ஓய்வு நாட்கள் போக 26 நாட்களால் வகுத்தால் ஒரு நாள் சம்பளம் 800 ரூபாய். விடுமுறை நாளுக்குரிய 800 ரூபாய் மாதச் சம்பளத்துக்குள்ளேயே இருக்கிறது. அவர் அன்று வேலை செய்தால் மேலும் 800 ரூபாய் சேர்த்தால் போதும், இரட்டைச் சம்பளம் ஆகிவிடும். ‘இரண்டு மடங்கு’ என்ற சொல்லைப் பார்த்ததும் கூடுதல் விகிதப் பெட்டியில் 2 என்று தட்டினால் 1,600 ரூபாய் தனியாகச் சேர்ந்து, மொத்தம் மூன்று மடங்காகப் போய்விடும். அங்கே 1 என்றே இட வேண்டும். நாள் கூலி பெறும் சப்ளையருக்கோ கணக்கு வேறு: அதே 800 ரூபாய் கூலி என்றால், வராவிட்டாலும் விடுமுறைக்கு 800, வந்து வேலை செய்தால் 1,600. இரண்டு பிரிவினருக்கும் இரண்டு விதிகளை எழுதுங்கள்.

ஷிப்ட் அட்டவணைத் திரையில், விடுமுறைத் தேதி கிளைப் பொறுப்பாளருக்கு வேறு நிறத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். ஆகஸ்ட் 14 இரவு பத்து மணிக்கு ஏறி 15 காலை ஆறு மணிக்கு இறங்கும் ஆள், விடுமுறை நாளில் ஆறு மணி நேரம் வேலை செய்திருக்கிறார். மென்பொருளோ ஷிப்ட் தொடங்கிய தேதியை மட்டும் பார்த்து 14ஆம் தேதி வேலையாகவே எழுதிக்கொள்ளும். ‘நள்ளிரவில் பிரி’ என்பது போன்ற தேர்வு இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். இல்லையென்றால் அந்த ஷிப்டைக் கையால் இரண்டாக உடைத்துப் பதியுங்கள். தேர்தல் வாக்குப்பதிவு நாளும் வாக்காளருக்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறையே என்பதால், அதற்கு ஒரு வகையை இப்போதே வெறுமையாக உருவாக்கி வைக்கலாம்.

கடைசியாக ஒத்திகை. மாதச் சம்பளக்காரர் ஒருவர், நாள் கூலி ஒருவர், இரவு ஷிப்ட் ஒருவர் என மூவரை எடுத்து, விடுமுறை உள்ள ஒரு மாதத்துக்குச் சம்பளச் சீட்டை மாதிரியாக ஓட்டி, பக்கத்தில் கையால் போட்ட கணக்கை வைத்து ஒப்பிடுங்கள். ஒரு ரூபாய் வித்தியாசம் என்றாலும் எந்த விதியால் வந்தது என்று கண்டுபிடித்த பிறகே நாட்காட்டியைப் பூட்டி, கிளைகளின் அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதற்கு அதை அச்செடுங்கள்.