மாரியில கயாக் வலிக்கிற ஆக்களுக்கு: கை விறைக்காம இருக்க என்ன செய்யலாம்

திருகோணமலையில என்ன குளிர் எண்டு சிரிக்கிற ஆக்கள், மார்கழி விடியக்காலம் வாடைக்காத்து அடிக்கேக்க தூறல் மழைக்குள்ள ஒரு மணித்தியாலம் துடுப்பு வலிச்சுப் பாருங்க. விரல் வெளுத்துச் சுருங்கி, லைஃப் ஜாக்கெட் பக்கிளைக் கழட்டக்கூட ஏலாமப் போகும். அந்த நேரம் கடல் குழம்பிக் கிடக்கும், புதுசா பழகிறவங்க நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிக் களப்பு மாதிரி அலை இல்லாத தண்ணியில இறங்கிறதுதான் புத்தி.

எல்லாரும் முதல் கேக்கிறது என்ன கிளவுஸ் வாங்கிறது எண்டுதான். கிளவுஸ் கடைசி. முதல் வேலை தண்ணி கைக்கு வராமப் பாக்கிறது, ஏனெண்டா தண்ணி காத்தை விட கிட்டத்தட்ட 25 மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும், நனைஞ்ச கையில காத்துப் பட்டா அது காயேக்கயும் சூட்டைக் கொண்டு போகும்.

1. துடுப்புத் தண்டைப் பாருங்க. ரெண்டு பக்கமும் அலகு (தண்ணியைத் தள்ளுற தட்டையான நுனி) உள்ள கயாக் துடுப்பில ஒரு பக்கம் மேல போகேக்க அதில இருந்து தண்ணி தண்டு வழியா ஓடி வந்து நேரா கைக்குள்ளதான் இறங்கும், பிறகு முழங்கை வரைக்கும் போகும். அதை மறிக்கத்தான் ரப்பர் வளையம். உங்கட துடுப்பில இல்லையா, பழைய சைக்கிள் டியூபில ஒரு துண்டு வெட்டி இறுக்கிச் சுத்துங்க, விளிம்பு கொஞ்சம் தூக்கி நிக்கோணும், அப்பதான் தண்ணி அதில தட்டி கீழ சொட்டும். அலகில இருந்து ஒரு சாண் அளவு தள்ளி வைங்க, தண்ணிக்குள்ள முங்கிற இடத்தில போட்டா ஒரு பிரயோசனமும் இல்ல. ஒற்றை அலகு கனூ துடுப்பெண்டா இந்தக் கரைச்சல் குறைவு, மேல் கை பெரும்பாலும் காய்ஞ்சே இருக்கும், பக்கம் மாத்தி மாத்தி வலிச்சாச் சரி.

2. பிடியைத் தளர்த்துங்க. பயத்தில இறுக்கிப் பிடிச்சா விரலுக்கு ரத்தம் ஓடாது. தள்ளுற கையின்ட விரலை ஒவ்வொரு வலிப்பிலயும் கொஞ்சம் விரிச்சு விடுங்க.

3. நெஞ்சும் தலையும் சூடா இருக்கோணும். நடு உடம்பு குளிர்ந்தா உடம்பு முதல்ல விரலுக்குப் போற ரத்தத்தைத்தான் குறைக்கும், அதால கிளவுஸ் போட்டும் கை விறைக்குது எண்டு சொல்றவங்களை நல்லாப் பாத்தா மேல ஒரு நனைஞ்ச பருத்தி டீசேட் தான் போட்டிருப்பாங்க. காத்துப் புகாத ரெயின்கோட், ஒரு தொப்பி, பிளாஸ்கில சீனி போட்ட பிளேன்டீ. சாராயம் வேண்டாம், தோலுக்கு ரத்தம் ஓடி சூடு மாதிரித் தெரியும், ஆனா உள்சூடு வெளிய போயிடும்.

4. இனி கிளவுஸ். பருத்தி நூல் கிளவுஸ் தண்ணியைக் குடிச்சு வைச்சிருக்கும், தொடவே வேண்டாம். எங்கட மாரிக்கு மெல்லிய கம்பளி கிளவுஸுக்கு மேல சமையலறை ரப்பர் கிளவுஸ் ஒரு சைஸ் பெரிசா போட்டாலே தாராளம், ரெயின்கோட் கையை அதுக்கு மேல இழுத்து விட்டா மழை உள்ள இறங்காது. நியோப்ரீன் (டைவிங் உடுப்புத் தைக்கிற ரப்பர்) கிளவுஸ் கிடைச்சா நல்லது, ஆனா தடிச்சது வாங்கினா பிடிச்சுப் பிடிச்சே முன்னங்கை நோகும். கனடா பக்கம் இருக்கிற சொந்தக்காரருக்கு போகீஸ்தான் சொல்லுவன், அது தண்டோட ஒட்டி நிக்கிற உறை, கை உள்ள போய் வெறுங்கையாலயே தண்டைப் பிடிக்கும். கவிழ்ந்தா கையைச் சட்டெண்டு இழுத்தெடுக்கப் பழகிட்டுத்தான் போடோணும். அங்க ஐஸ் மாதிரித் தண்ணியில விழுந்தா கைகாலை ஒழுங்கா அசைக்க 10 நிமிசம் மட்டில தான் கிடைக்கும், விளையாட்டில்ல.

விறைச்சிட்டுதா? கரைக்கு வந்து கையைச் சுத்திச் சுழட்டுங்க, பிறகு கமக்கட்டுக்குள்ள வைங்க. இங்க இன்னொரு வழியும் இருக்கு, எங்கட கடல் மாரியிலயும் 26, 27 பாகை கிடக்கும், மழைக்காத்தை விடச் சூடு, ஒரு நிமிசம் கையைத் தண்ணிக்குள்ள விட்டாலே சுகமா இருக்கும், வெளிய எடுத்ததும் துடைச்சுக் காயவிட்டா சரி. இதை நுவரெலியா கிரகரி வாவியில செய்யப் போயிடாதீங்க! கொதிதண்ணியும் வேண்டாம், விறைச்ச தோலுக்குச் சூடு தெரியாது, வெந்து போகும். கன்னியா வெந்நீர்க் கிணத்துத் தண்ணி மாதிரி இளஞ்சூடு போதும்.

வீட்ட வந்ததும் கிளவுஸை நல்ல தண்ணியில அலசி, உட்பக்கம் வெளிய புரட்டி நிழல்ல போடுங்க. உப்புப் பட்ட கைக்கு தேங்கெண்ணெய்.