கரண்ட் பில் கூடினால் ஃபிரிட்ஜை அணைக்க வேண்டுமா?

பில் கொஞ்சம் கூடிவிட்டால் வீட்டில் முதல் பழி ஃபிரிட்ஜ் மேல்தான் விழும். இருபத்துநாலு மணி நேரமும் ஓடுகிறதே என்பதுதான் காரணம். அடுத்த நாளிலிருந்து ராத்திரி படுக்கப் போகும்போது கேஸ் வால்வை மூடுகிற கையோடு ஃபிரிட்ஜ் சுவிட்சையும் அணைப்பார்கள். குமரி மாவட்டத்தில் நாம் ஃபிரிட்ஜில் வைப்பதில் பாதி மீன். அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடாத வேலை இது.

ராத்திரி அணைத்தால் உள்ளே குளிர் குறையும். காலையில் சுவிட்சைப் போட்டதும், விட்டுப்போன குளிரைப் பிடிக்க கம்ப்ரசர் நெடுநேரம் நிற்காமல் ஓடும். மிச்சமாவது சொற்பம். ஆனால் பாதி உருகி மறுபடி உறைந்த சாளையின் சதை குழைந்துவிடும், கிருமியும் பெருகும். இரண்டு ரூபாய் கரண்டுக்காக இருநூறு ரூபாய் மீனைக் கெடுப்பது எந்தக் கணக்கிலும் சேராது.

கணக்கே தப்பாகத் தொடங்குவதுதான் இதற்கு மூலம். பின்னால் ஒட்டியிருக்கும் தகட்டில் 120 வாட் என்று பார்த்ததும் அதை 24-ஆல் பெருக்கிவிடுகிறோம். நாளைக்கு 2.88 யூனிட், இரண்டு மாதத்துக்கு 170-க்கு மேல் என்று வருகிறது. ஆனால் கம்ப்ரசர் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். நட்சத்திர லேபிளில் வருடத்துக்கு எத்தனை யூனிட் என்று போட்டிருப்பார்கள், அதை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கு உரிய பங்கு கிடைக்கும். 180 யூனிட் என்றிருந்தால் 30 யூனிட். நாளைக்கு அரை யூனிட். கிணற்று மோட்டார் ஒரு குதிரைத்திறன் என்றால், ஒரு மணி நேரம் ஓடினாலே இதைப்போல இரண்டு நாள் கரண்டை எடுத்துவிடும். லேபிள் எண் ஆய்வுக்கூடக் கணக்கு என்பதால், அடுக்களைச் சூட்டில் கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

கூடுகிறதா என்று நாமே பார்க்கலாம். மீட்டரில் சிமிட்டுகிற சிவப்பு விளக்கு உண்டு. ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்பதும் முகப்பிலேயே எழுதியிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்வோம். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கம்ப்ரசர் ஓடும்போது இரண்டு சிமிட்டலுக்கு நடுவே உள்ள நேரத்தைப் பாருங்கள். 11 வினாடி என்றால் சுமார் 100 வாட் ஓடுகிறது. பிறகு எவ்வளவு நேரம் ஓடுகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கவனியுங்கள். இருபது நிமிடம் ஓடி, இருபது நிமிடம் நின்றால் நாளைக்கு 1.2 யூனிட். லேபிள் அரை யூனிட் என்று சொல்லும்போது இது இரட்டிப்புக்கும் மேல். எங்கேயோ கோளாறு இருக்கிறது. இன்வெர்ட்டர் கம்ப்ரசருக்கு மட்டும் இந்த முறை ஒத்துவராது. அது மெதுவாக, கிட்டத்தட்ட நிற்காமல் ஓடும். நிற்கவில்லையே என்று மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியதில்லை.

கோளாறைத் தேட முதல் இடம் முதுகுப்புறம். உள்ளிருந்து எடுத்த சூட்டை வெளியே விடுகிற கறுப்புக் கம்பிவலை அங்கே இருக்கும். அதில் ஒட்டடை, பல்லி முட்டை, மடித்துச் செருகிய பிளாஸ்டிக் கவர் எல்லாம் சேர்ந்து கிடக்கும். குளச்சல், முட்டம், மணக்குடி மாதிரி கடலோர ஊர்களில் உப்புக்காற்றில் துருவும் பிடிக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி வேண்டாம். சில மாடல்களில் கம்பி வெளியே தெரியாது, பக்கவாட்டுத் தகடே சுடும். அது கோளாறு இல்லை. அந்த ஃபிரிட்ஜை அலமாரிக்குள் இறுக்கி அடைப்பதுதான் கோளாறு.

அடுத்தது கதவு ரப்பர். ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் உருவி வந்தால் அந்த இடத்தில் காற்று புகுகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம். புகுந்த ஈரம் அத்தனையும் ஃப்ரீசரில் ஐஸாகப் படியும். அரை செண்டிமீட்டர் கனத்துக்குப் படிந்தால் குளிர் பரவாது, கம்ப்ரசர் ஓய்வதும் குறையும். அந்த ஐஸைக் கத்தியால் குத்தக்கூடாது. உள்ளே ஓடும் குழாய் ஓட்டையானால் குளிர்விக்கிற கேஸ் போய்விடும். இப்போது பல ஃபிரிட்ஜ்களில் இருக்கும் ஆர்600ஏ தீப்பற்றக்கூடிய வாயுவும்கூட. டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டுக் காத்திருப்பதே வழி.

சூடான குழம்பை உள்ளே வைப்பதைப் பெரிய செலவாகப் பேசுவார்கள். ஒரு லிட்டருக்குச் சுமார் இருபதில் ஒரு பங்கு யூனிட்தான். ஆறவிட்டு வைப்பது நல்லது, அதற்காக மணிக்கணக்கில் வெளியே போட்டுக் கெடுக்காதீர்கள். குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகியை 7-இல் வைப்பதும் வேண்டாம், நடு எண் போதும்.

இதையெல்லாம்விடப் பெரிய தவறு, புதுசு வாங்கிய பிறகும் பழைய ஃபிரிட்ஜை மீனுக்கென்று பின்கட்டில் ஓடவிடுவது. தளர்ந்த ரப்பரோடு, பாதி காலியாக, வருடம் முழுக்க ஓடும். அது எடுக்கும் யூனிட் பில்லின் உச்சியில் போய் ஏறும், அங்கேதான் விலையும் அதிகம். 2022 செப்டம்பர் கட்டணத்தில், இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை எடுத்த வீட்டுக்கு 1,725 ரூபாய். 501 ஆனால் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்! 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை பறிபோவதால் வருகிற தாவல் இது. 2024 ஜூலையில் விலை இன்னும் ஏறியது. முப்பந்தலில் எத்தனை காற்றாலை சுற்றினாலும் நமக்குத் தனிச் சலுகை கிடையாது.

மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை மீன்பிடித் தடைக்காலத்துக்கு எடுத்து வைக்க இரண்டாவது ஃபிரிட்ஜ் வேண்டும் என்றால், அந்த இரண்டு மாதம் ஓட்டுங்கள். முடிந்ததும் காலி செய்து, துடைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். சின்னப் பிள்ளைகள் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளாதபடியும் பூஞ்சை பிடிக்காதபடியும் கதவையே கழற்றித் தனியாக வைத்துவிடுங்கள்.