பானை ஓட்டைப் பள்ளிக்குத் தூக்கி வராதீர்கள்: தொன்மை மன்றம் நடத்தும் ஆசிரியர்களுக்கு

உலக மரபு நாள் ஏப்ரல் 18. நம்மூரில் அது முழுஆண்டுத் தேர்வு நேரம். பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் போய் நடுகல் பற்றிப் பேசினால் அதன் அம்மாவே நம்மை அடிக்க வருவார். அதனால் தொன்மை மன்றம், அதாவது ஊரின் பழமையைப் பிள்ளைகளோடு தேடிப் பதியும் மன்றம், இருக்கும் பல பள்ளிகள் நவம்பர் 19 முதல் 25 வரை வரும் மரபு வாரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஒரு கோலப் போட்டி, ஒரு பேச்சுப் போட்டி, ஒட்டு மீசையோடு நாலு கட்டபொம்மன்கள், ஒரு குரூப் போட்டோ. அப்புறம் அடுத்த நவம்பர்தான்.

விழா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் விழாவோடு முடிந்துபோவதுதான் நாம் செய்யும் முதல் தவறு. மேடையில் வசனம் பேசிய பையன் தினமும் சைக்கிளில் கடந்து வரும் கண்மாய்க்குள் ஒரு கல்தூண் நிற்கும். அதில் எழுத்து இருப்பது அவனுக்கும் தெரியாது, வசனம் எழுதிக் கொடுத்த எனக்கும் தெரியாது. பல வருடம் அப்படித்தான் ஓடியது.

பெரிய கோவில் பார்க்கப் பேருந்து பிடிப்பது அடுத்தது. தஞ்சாவூர், மாமல்லபுரம் எல்லாம் பார்க்க வேண்டியவைதான். ஆனால் அங்கே பிள்ளை வெறும் பார்வையாளன். அவன் புதிதாகக் கண்டுபிடிக்கவோ காப்பாற்றவோ அங்கே ஒன்றும் இல்லை. ஊருக்குள் இருப்பது வேறு கதை. பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக நட்ட சுமைதாங்கிக் கல், வயல் வரப்பில் சாய்ந்து கிடக்கும் எல்லைக்கல், சாமியாக நின்று மஞ்சள் பூசிக்கொள்ளும் நடுகல் என்று எல்லாம் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. சாலையை அகலப்படுத்தும்போது முதலில் காணாமல் போகிறவையும் இவைதான்.

எங்கள் பக்கத்துக் கண்மாய்களில் குமிழி மடை உண்டு; கண்மாய்த் தண்ணீரை வயலுக்குத் திறந்துவிடும் பழைய கல் மதகு அது. கோடையில் தண்ணீர் வற்றியதும் கண்மாய்க்குள் இரண்டு கல்தூண்கள், அவற்றைப் பிணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் ஒரு கல்தொட்டி தெரியும். தொட்டியின் மேலே ஒரு துளை, அதற்கு நீரோடி என்று பெயர். அடியில் இருப்பவை சேறோடித் துளைகள். மேல் துளையை அடைத்திருக்கும் கல்லைத் தூக்கினால் தண்ணீர் போகும்போதே அடியில் படிந்த வண்டலையும் இழுத்துக்கொண்டு போகும். சில தூண்களில் மடையைச் செய்து கொடுத்தவர் பெயரும் வெட்டப்பட்டிருக்கும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு முறை அங்கே இறக்கிவிட்டுப் பாருங்கள். கணக்கில் தேறாத பையன்தான் முதலில் துளைக்குள் குச்சியை விட்டு, “சார், சேறு இந்தப் பக்கமாத்தான் போயிருக்கும்” என்பான். மதிப்பெண் பார்த்து மன்றத்துக்கு ஆள் சேர்ப்பது எவ்வளவு பெரிய தவறு என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தூக்கி வந்தால் துண்டு, கிடந்தால் சான்று

இது நானே செய்த தவறு. பள்ளியில் ஒரு சிறு கண்காட்சி வைக்கலாம் என்று, “பழைய பொருள் எது கிடைத்தாலும் கொண்டு வாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை காலையில் உரச்சாக்கு நிறையக் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் வந்து இறங்கின. எங்கே எடுத்தாய் என்று கேட்டால், “அந்தத் திடல்ல சார்” என்று கொண்டு வந்த பையன் கையை வீசினான். திடலில் எந்த மூலை, மேலே கிடந்ததா, மழை அரித்த ஓடைக்கரையில் நீட்டிக்கொண்டிருந்ததா, பக்கத்தில் வேறு என்ன கிடந்தது, எதுவுமே தெரியாது. நானே ஒரு தொல்லியல் மேட்டைக் கலைத்துவிட்டு, அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்த்தேன்.

கீழடியை எடுத்துக்கொள்ளுங்கள். 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த கரிம மாதிரிதான் கி.மு. 580 என்ற காலக்கணிப்பைத் தந்தது. அந்த ஆழம் என்ற ஒரு எண்ணை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் கரித்துண்டு. பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரிகிறது. இப்போது எங்கள் விதி இதுதான்: பொருளைத் தொடாதே, பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடு, செல்பேசியில் இடத்தைக் குறி, சுற்றிலும் என்ன இருக்கிறது என்று எழுது. வீடு கட்ட வானம் தோண்டும்போது காசோ சிலையோ கிடைத்தால் அது பள்ளிக்கு வரவே கூடாது. கிராம நிர்வாக அலுவலர் வழியாக வருவாய்த் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். புதையல் சட்டம் 1878-லிருந்தே இருக்கிறது. ஆர்வக் கோளாறில் ஆசிரியர் மாட்டிக்கொள்ளும் இடமும் இதுதான்.

சாக்பீஸை உள்ளே வையுங்கள்

கல்வெட்டு மங்கலாக இருக்கிறது என்று எழுத்துக்குள் சாக்பீஸ் தேய்ப்பது, கோலமாவு போடுவது, பாசியைக் கம்பி பிரஷால் சுரண்டுவது எல்லாம் நல்ல எண்ணத்தில் நடக்கிற நாசம். சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போகும். சாக்பீஸில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீங்கள் ‘ப’ என்று நினைத்துத் தேய்த்தால், படத்தைப் பார்க்கிற எல்லோருக்கும் அது ‘ப’தான். கல் சொன்னது போய், உங்கள் ஊகம் நின்றுவிடும்.

சாயங்காலம் வெயில் சாயும்போது போய்ப் பாருங்கள். உச்சி வெயிலில் மொட்டையாகத் தெரிந்த கல்லில் வரி வரியாக எழுத்து எழுந்து வரும். அது முடியாவிட்டால் கல்லை ஒட்டினாற்போல் பக்கவாட்டில் டார்ச் அடித்தால் போதும். பிற்காலக் கல்வெட்டு என்றால் ‘ஸ்வஸ்தி ஸ்ரீ’ என்ற தொடக்கத்தைப் பிள்ளைகளே பிடித்துவிடுவார்கள். மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்; இல்லாவிட்டால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஈரத்தாளை ஒற்றி, பிரஷால் தட்டி, மை தடவிப் படி எடுக்கும் வேலையை மட்டும் பழகியவர் துணை இல்லாமல் தொடாதீர்கள்.

ஊர்க்கதை விஷயத்தில் இரண்டு பக்கமும் வழுக்கும். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் சமண முனிவர்களுக்கு வெட்டிய கற்படுக்கைகளை ஊரார் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். அதை அப்படியே வரலாறு என்று எழுதிவிடுவது ஒரு தவறு. “அதெல்லாம் கட்டுக்கதை” என்று பாட்டி முன்னாலேயே பையனைச் சொல்ல வைப்பது அதைவிடப் பெரிய தவறு. அடுத்த முறை பாட்டி வாயே திறக்க மாட்டார். குறிப்பேட்டில் நடுவே ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் ஊர் சொல்வது, வலப்பக்கம் கல் சொல்வது. மதுரைப் பக்கத்து மாங்குளம் குன்றுக்குப் போனால், அங்கே கல்வெட்டிலேயே இருக்கும் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரை வலப்பக்கத்தில் எழுதலாம். இடப்பக்கத்தையும் அழிக்க வேண்டியதில்லை.

பெரியவர்களிடம் கேள்வி கேட்கும் முறையும் முக்கியம். “உங்கள் பண்பாடு பற்றிக் கூறுங்கள்” என்றால், “என்னத்தப்பா சொல்றது” என்றுதான் பதில் வரும். “தாத்தா, மடையை யார் திறப்பாங்க? அவருக்குக் கூலி நெல்லா, பணமா? எந்த வருசம் நின்னுச்சு?” என்று கேட்டுப் பாருங்கள், டீ ஆறிப்போகும், பேச்சு நிற்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், பலரும் மென்று விழுங்கும் விஷயம். ஆண்டு விழாவில் பறையாட்டம் வைக்கிறோம், கைதட்டல் பறக்கிறது. ஆனால் அதே ஊரில் தலைமுறையாகப் பறை அடிக்கும் பெரியவரைப் பள்ளிக்குள் கூப்பிட்டு, நாற்காலி போட்டு உட்காரவைத்து, கற்றுக்கொடுத்ததற்குச் சம்பளமும் கொடுத்த பள்ளிகள் எத்தனை? யூடியூப் பார்த்து ஆடக் கற்றுக்கொள்வது சுலபம் என்பது எனக்கும் தெரியும். அதே போல, நடுகல் கிடைத்தவுடன் “இது எங்க ஆளுங்க கல்லு” என்று ஒரு கூட்டம் வந்து நிற்கும். அந்தப் பேச்சுக்குள் பிள்ளைகளை இழுக்கவிடாதீர்கள். கல்லில் இருப்பதைப் படிப்பதோடு அன்றைய வேலை முடிந்தது.

கடைசியாக, ஆசிரியருக்கு மாறுதல் வந்தால் மன்றமும் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறது. படம் எல்லாம் அவர் செல்பேசியில், குறிப்பு எல்லாம் அவர் பையில். தடித்த அட்டை போட்ட பதிவேடு ஒன்று பள்ளியிலேயே இருக்கட்டும். ஒன்பதாம் வகுப்பு எழுதி, போகும்போது எட்டாம் வகுப்பின் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் பதிவேட்டில் குமிழி மடைக்கு நாலு பக்கம் இருக்கிறது. தூணில் உள்ள மூன்றாம் வரியில் இரண்டு எழுத்து மட்டும் இன்னும் பிடிபடவில்லை. இந்த முறை நல்ல மழை. தூணின் தலை மட்டும்தான் வெளியே தெரிகிறது. கண்மாய் வற்றச் சித்திரை பிறந்துவிடும், அப்போது பள்ளியும் இருக்காது. “பரவால்ல சார், நாங்க வீட்ல இருந்தே வந்துர்றோம், நீங்க டார்ச் மட்டும் எடுத்துட்டு வாங்க” என்கிறார்கள்.