பூட்டிக் கிடக்கும் தாத்தா வீட்டைத் திறப்பவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாகாணத்தில், உம்சிண்டோவிலிருந்து இக்ஸோப்போ போகும் ஆர் 612 சாலையில் சிறிது தூரம் சென்று மண்பாதையில் திரும்பினால், கரும்புக்கு நடுவே எங்கள் வீடு. நிலம் ஏழு ஏக்கர். ஒப்பந்தக் கூலியாகக் கரும்புத் தோட்டத்துக்கு வந்தவரின் மகனான எங்கள் தாத்தா, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கியது. அப்பா இறந்தபின் பூட்டிக் கிடந்த அந்த வீட்டை நானும் தம்பியும் மூன்று ஆண்டுகளில் குடியிருக்கும் நிலைக்குக் கொண்டுவந்தோம். டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் இருந்துகொண்டு, "ஊர்ப்பக்கம் தாத்தா வீடு சும்மாதானே கிடக்கிறது" என்று பேசிக்கொள்ளும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதல் ராண்டைச் சுவரில் போடாதீர்கள், பத்திரத்தில் போடுங்கள். நாங்கள் மாற்றிச் செய்தோம். பெயிண்ட் அடித்து, தரை ஓடு பதித்து, முன்திண்ணையைப் புதுப்பித்த பிறகுதான், நிலம் இன்னும் தாத்தா பெயரிலேயே இருப்பது தெரிந்தது. அப்பா அதைத் தன் பெயருக்கு மாற்றவே இல்லை. உறவில் ஒருவர் எதிர்த்து நின்றிருந்தால் போட்ட பணமெல்லாம் போயிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் நில விவரத்தைக் கொடுத்துப் பத்திர நகல் கேளுங்கள். வந்ததும் பெயர்களை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். எங்கள் தாத்தாவின் பெயர் பத்திரத்தில் ஒரு விதம், மரணச் சான்றிதழில் இன்னொரு விதம், அப்பாவின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பெயராக மூன்றாவது விதம். எழுத்தர்கள் தங்கள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்கள் இவை. படையாச்சியோ கவுண்டரோ முதலியோ, எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் இந்தக் கதை உண்டு. மூன்று பெயரும் ஒரே ஆளுடையவை என்று பிரமாணப் பத்திரம் எழுதித் தர, குடும்பத்தை அறிந்த முதியவர் ஒருவர் உயிரோடு இருக்கும்போதே போய்விடுங்கள். எங்களுக்குக் கையெழுத்திட்ட அத்தைக்கு அப்போது 88 வயது. பேனாவை வாங்கும் முன், "என் அப்பா பெயரை இப்போதாவது சரியாக எழுதச் சொல்" என்றார்.

இறந்தவரின் சொத்தை, அத்தகைய சொத்துகளை மேற்பார்வையிடும் உயர் நீதிமன்ற மாஸ்டர் அலுவலகத்தில் அறிவிக்க வேண்டும். மொத்த மதிப்பு 2,50,000 ராண்டுக்குள் இருந்தால் அதிகாரக் கடிதம் ஒன்று போதும். அதற்கு மேல் போனால், சொத்தைக் கணக்கிட்டுப் பிரித்துத் தரும் நிறைவேற்றாளர் நியமனம், விளம்பரம், கணக்கு என்று நீளும். தாத்தா, அப்பா என்று இரண்டு தலைமுறையும் பாக்கி இருந்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் முடிக்க வேண்டும்.

இந்த இடத்தில் அம்மாக்களின் உரிமையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் அம்மாவின் திருமணம் அரசுப் பதிவேட்டில் இல்லை; கோயிலில் தாலி கட்டியதோடு சரி. நம் சடங்குத் திருமணத்தை இந்நாட்டுச் சட்டம் நீண்ட காலம் திருமணமாகவே ஏற்கவில்லை. உயில் எழுதாமல் கணவர் இறந்தால் அப்படிப்பட்ட மனைவி வெறுங்கையோடு நிற்க வேண்டியிருந்தது. 2008-ல் டர்பன் உயர் நீதிமன்றம், சமயச் சடங்குப்படி மணந்த இந்து மனைவியும் வாரிசுச் சட்டத்தின்படி மனைவியே என்று தீர்ப்பளித்தது. இது தெரியாமல், "அம்மாவுக்குக் காகிதம் இல்லையே" என்று ஒதுக்கிவைக்கப் பார்க்கும் உறவினர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒதுக்க விடாதீர்கள். கல்யாணப் பத்திரிகை, புகைப்படம், தாலி கட்டும்போது உடனிருந்தவரின் வாக்குமூலம் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வழக்கறிஞரிடம் கொடுங்கள்.

பங்கு பிரிப்பதற்கு வருவோம். நான்கு பிள்ளைகள், ஏழு ஏக்கர், ஆளுக்கு ஒன்றே முக்கால் என்று சாப்பாட்டு மேசையில் கோடு போட்டுவிடலாம். விவசாய நிலத்தில் அந்தக் கோடு செல்லாது. 1970-ஆம் ஆண்டின் 70-ஆம் எண் சட்டப்படி, அத்தகைய நிலத்தைத் துண்டாக்க அமைச்சரின் ஒப்புதல் வேண்டும். துண்டாக்காமல் பலருக்குக் கூட்டுப் பங்கு எழுதுவதற்கும் அதே ஒப்புதல் வேண்டும். ஒருவர் பெயரில் எழுதி மற்றவர்களுக்குப் பணம் கொடுப்பது, அல்லது குடும்ப அறக்கட்டளையின் பெயரில் வைப்பது என்று எங்கள் முன் இரண்டு வழிகள் இருந்தன. நாங்கள் அறக்கட்டளையைத் தேர்ந்தோம். அக்காவுக்குப் பணம் வேண்டாம், தீபாவளிக்கு வந்து தங்க ஓர் அறை வேண்டும் என்றார். அதையும் எழுத்தில் சேர்த்தோம்.

பழைய வரைபடத்தில் பரப்பளவு ஏக்கர், ரூட், பெர்ச் கணக்கில் இருக்கும். ஏக்கருக்கு 4 ரூட், ரூட்டுக்கு 40 பெர்ச். மூலைகளுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்திட்டிருப்பார்கள். ஒரு சனிக்கிழமை விடியலில் வரைபடத்தையும் நீள நாடாவையும் எடுத்துக்கொண்டு நானும் தம்பியும் கிளம்பினோம். மூன்று மூலைகளில் எல்லையைக் குறிக்கும் இரும்பு முளை இருந்தது. சி மூலையில் கரும்புதான் இருந்தது. தம்பி மண்டியிட்டுச் சருகை விலக்கி, கத்தியின் முதுகால் தரையைத் தட்டிக்கொண்டே போனான். மண்ணின் மொத்தை ஓசைக்கு நடுவே ஓரிடத்தில் கணீரென்றது. ஒரு சாண் ஆழத்தில், துருப்பிடித்துச் செதிலாக உரியும் குழாய் முனை. பக்கத்து நிலக் கரும்பு அதைத் தாண்டி எங்கள் பக்கம் எட்டு வரிசை வந்திருந்தது. அந்த நிலக்காரரிடம் வரைபட நகலைக் காட்டினோம். அறுவடை முடிந்ததும் அவர் பின்வாங்கிக்கொண்டார். முளை கிடைக்காவிட்டால் பதிவுபெற்ற நில அளவையரை அழையுங்கள். நீங்களே ஒன்றை நட்டுவிடாதீர்கள், இருப்பதை நகர்த்தவும் கூடாது, அது குற்றம்.

நிலத்தில் வேறு யாராவது குடியிருக்கிறார்களா என்று பாருங்கள். எங்கள் கீழ்ச்சரிவில் ஒரு ஜூலுக் குடும்பம் தாத்தா காலத்திலிருந்தே வாழ்கிறது. அந்த வீட்டுப் பெரியவர் தாத்தாவோடு சேர்ந்து கரும்பு வெட்டியவர். இப்படி ஒப்புதலோடு வாழ்பவர்களை நீதிமன்ற ஆணையின்றி வெளியேற்ற 1997-ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தராது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் செய்திருக்க மாட்டோம். அவர்களுடைய கல்லறைகளுக்குப் போகும் வழியை விட்டு வேலி போட்டோம். முன்பு நிலம் பறிக்கப்பட்டவர்கள் அதைத் திரும்பக் கேட்கும் மீட்புக் கோரிக்கை எதுவும் உங்கள் நிலத்தின்மீது உண்டா என்று நில உரிமைக் கோரிக்கை ஆணையத்திடம் எழுதிக் கேட்டுப் பதிலையும் கோப்பில் வையுங்கள்.

இனித் தண்ணீர். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். 150 சதுர மீட்டர் கூரையில் 20 மில்லிமீட்டர் பெய்தால் 3,000 லிட்டர்; சிதறுவதும் வழிவதும் போகக் கொஞ்சம் குறையும். அக்டோபரிலிருந்து மார்ச் வரை மழை தாராளம். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வானம் வறண்டுவிடும். ஆகவே மழைக்காலத்தில் எவ்வளவு விழுகிறது என்பதைவிட, குளிர்காலத்துக்கு எவ்வளவு தேக்க முடியும் என்பதே கணக்கு. நாங்கள் 5,000 லிட்டர் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டிகள் மூன்று வைத்தோம். தொட்டிக்கு அடியில் காங்கிரீட் மேடை சமமாக இருக்க வேண்டும். 5,000 லிட்டர் என்பது ஐந்து டன்; மண் ஒரு பக்கம் இறங்கினால் தொட்டி சாயும். முதல் மழையின் அழுக்கு நீர் தனியாக வெளியேற ஒரு குழாய் வையுங்கள். கரும்பு எரிக்கும் பருவத்தில் கூரை முழுதும் கரிச்சாம்பல் படிந்திருக்கும்.

ஆழ்துளைக் கிணறு போட்டால் நீரைச் சோதனைக்கு அனுப்பாமல் குடிக்காதீர்கள். சுற்றிலும் உரம் போட்ட கரும்பு. நைட்ரேட்டையும் மலக்கிருமியையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். கழிவுத் தொட்டியின் உறிஞ்சுகுழி கிணற்றுக்குக் கீழ்ச்சரிவில், தள்ளி இருக்க வேண்டும். நாங்கள் 50 மீட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொண்டோம்.

கூரை பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடாக இருந்தால் நிதானமாக இருங்கள். இந்நாட்டில் 2008-ல் அதன் பயன்பாடு தடை செய்யப்பட்டது. ஏற்கெனவே வீட்டின்மேல் இருக்கும் நல்ல தகடு தன்னால் ஆபத்து செய்யாது. அதைத் தேய்ப்பது, துளையிடுவது, அழுத்த நீர் அடித்துக் கழுவுவது ஆபத்து. கழற்றுவதானால் அதற்கென்று பதிவுபெற்றவர்களே கழற்ற வேண்டும். அந்தக் கூரை நீரைக் குடிக்கச் சேர்க்காதீர்கள். நாங்கள் பின்கட்டுத் தகரக் கூரையிலிருந்துதான் சேர்க்கிறோம். இன்னொன்று: 60 ஆண்டுகளைத் தாண்டிய கட்டடத்தை இடிக்கவோ மாற்றிக் கட்டவோ மாகாண மரபுடைமை நிறுவனத்தின் அனுமதி வேண்டும். மரத்தாலும் தகரத்தாலும் நம் முன்னோர் கட்டிய வீடுகள் இதில் அடங்கும். அனுமதி கேட்பதைத் தொல்லை என்று நினைக்காதீர்கள். அந்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன.

மின்சாரத்துக்கு, இணைப்புகள் பாதுகாப்பாக இருக்கின்றன என்று காட்டும் இணக்கச் சான்றிதழைப் பதிவுபெற்றவரிடம் வாங்குங்கள். நகராட்சி வரிச் சீட்டில் நிலம் எந்த வகையில் போடப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். விவசாய நிலத்தின் வரி விகிதம் குடியிருப்பு விகிதத்தில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. எங்கள் சீட்டில் ஆண்டுக்கணக்கில் தவறான வகையே இருந்தது. எழுதிக் கேட்டுத் திருத்தினோம்.

தீ தாண்டி வராதபடி எல்லையோரம் புல்பூண்டை நீக்கி வைக்கும் தீத்தடுப்புப் பட்டையைக் குளிர்காலம் தொடங்கும் முன் வெட்டிவிடுங்கள். 1998-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது நில உரிமையாளரின் கடமை. ஆகஸ்டில் மலைப்பக்கமிருந்து வரும் அனல் காற்று கிளம்பிவிட்டால் வெட்ட நேரம் இருக்காது. மழைக்கு முன் பாதையோர வடிகாலையும் குறுக்குக் குழாயையும் தூர்வாருங்கள். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் மண்பாதை பாதி அகலத்துக்கு அரித்துப்போனது, குழாய் வாயை ஒரு பழைய மெத்தை அடைத்திருந்ததால்.

கடைசியாக மரங்கள். லன்டானா புதரைத் தயங்காமல் பிடுங்குங்கள். வேம்பின் இனத்தைச் சேர்ந்த சிரிங்கா மரத்தில்தான் மனம் சங்கடப்படும். வேப்பிலைக்குப் பதிலாக நம் ஆட்கள் மாரியம்மனுக்கு வைத்த தழை அதுதான். பழைய தமிழ் வீடுகளின் வாசலில் அது நிற்கும். ஆனால் பறவைகள் விதையைத் தூவி ஓடைக்கரையெல்லாம் முளைத்து, நாட்டு மரங்களை நெருக்கிவிடுகிறது. பரவும் அயல் மரங்களின் பட்டியலிலும் இருக்கிறது. ஆடிக் கூழ் ஊற்றும் மேடைக்கு நிழல் தந்த எங்கள் மரத்தை வெட்டிய அன்று அம்மா வெளியே வரவில்லை. முதல் நாள் மாலையே மஞ்சள் நீர் ஊற்றி விளக்கேற்றிவிட்டிருந்தார். அங்கே இப்போது மாங்கன்று நிற்கிறது. தழைக்கு டர்பனில் மாமா வீட்டு வேப்பமரம் இருக்கிறது. சிரிங்காவை வெட்டுவதானால் காய் பழுக்கும் முன் வெட்டுங்கள். வெட்டிய அடிமரத்தில் அன்றே களைக்கொல்லி மருந்து பூசுங்கள். மறுநாளுக்குத் தள்ளினால் வேரைச் சுற்றிப் பத்துக் கன்று துளிர்க்கும்.