கண்டதும் கருதியதும்: உற்றுநோக்கலில் நேரும் தவறுகள்

காப்பிக்கடை மேசையில் மைலோ பெங் (பனிக்கட்டி போட்ட மைலோ பானம்) குவளையைப் பத்து நிமிடம் வைத்துவிட்டு, என்ன பார்த்தாய் என்று தொடக்கநிலை மாணவரிடம் கேட்டால், "காற்றிலுள்ள நீராவி குளிர்ந்து நீரானது" என்பார். அறிவியல்படி சரி. ஆனால் அது ஊகம். நீராவி கண்ணுக்குத் தெரியாது. கண்ணில் பட்டவை: குவளையின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் தோன்றின, அவை நிறமற்றவை, மைலோ நிற்கும் மட்டத்துக்குக் கீழே நெருக்கமாக இருந்தன. பலர் நிறத்தையும் இடத்தையும் எழுதுவதே இல்லை. மைலோ கசியவில்லை என்று வாதிட அந்த நிறமின்மைதான் ஆதாரம். குளிர்ந்த பரப்பில்தான் துளி சேர்கிறது என்பதற்கு அந்த இடம் ஆதாரம். குறிப்பேட்டில் நடுவே கோடு கிழித்து, இடப்பக்கம் கண்டதை மட்டும், வலப்பக்கம் ஊகத்தை எழுதப் பழக்குங்கள்.

"மாற்றமில்லை" என்று எழுதுவதும் போதாது. மாவுச்சத்துச் சோதனையில் சொட்டுவிட்ட அயோடின் பழுப்பாகவே இருந்தது என்று எழுத வேண்டும். மாவுச்சத்து இல்லை என்பது வலப்பக்கத்துக்கு உரியது.

அளவெடுப்பதில் கண்ணின் உயரமே பெரிய சிக்கல். அளவுசாடியைக் கையில் தூக்கிப் பார்த்தால் சாயும். சமமான மேசையில் வைத்து, குனிந்து, நீரின் வளைவின் அடிப்புள்ளியைப் படிக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் அளவு கூடுதலாகத் தெரியும். வெப்பமானியின் குமிழ் சூடேறும் பாத்திரத்தின் அடியைத் தொடக்கூடாது. வெளியே எடுத்துப் படிக்கவும் கூடாது. ஊசலுக்கு 20 அலைவுகளின் நேரத்தை எடுத்து 20ஆல் வகுக்கிறோம். கடிகாரத்தை அழுத்தும்போதே "ஒன்று" என்று எண்ணத் தொடங்கினால் கிடைப்பது 19 அலைவுகளின் நேரம். "சுழியம்" என்று தொடங்குங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது எதிர்பார்ப்பு. 1903இல் பிரெஞ்சு இயற்பியலாளர் புளோண்ட்லோ 'N கதிர்கள்' என்ற புதிய கதிர்களைக் கண்டதாக அறிவித்தார். மறு ஆண்டு அவருடைய ஆய்வுக்கூடத்துக்குச் சென்ற அமெரிக்க இயற்பியலாளர் ராபர்ட் வுட், இருட்டில் கருவியின் முப்பட்டகத்தை ஓசையின்றி எடுத்துவிட்டார். அப்போதும் கதிர்கள் தெரிவதாகவே சொன்னார்கள். தேர்ந்த கண்களையே ஏமாற்றிய விஷயம் இது. ஆகவே உரமிட்ட பச்சைப்பயறு, இடாத பச்சைப்பயறு என்று ஒப்பிடும்போது தொட்டிகளில் எண் மட்டும் ஒட்டுங்கள். எதற்கு உரம் என்று அறியாத ஒருவர் உயரத்தை அளக்கட்டும். ஒவ்வொரு பக்கமும் ஒரே ஒரு விதை வைத்தால் விதையின் குறையும் உரத்தின் விளைவும் பிரியாது, ஐந்தாறு விதைகளாவது வேண்டும்.

பொருந்தாத அளவு வந்தால் அழிப்பானை எடுக்காதீர்கள். ஒற்றைக் கோடு இட்டு, பக்கத்தில் காரணத்தையும் மறுபடி எடுத்த அளவையும் எழுதுங்கள்.