மெடீயாவையும் கிளேரையும் ஒப்பிடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாடக மாணவர்களின் ஒப்பீட்டுக் கட்டுரைகளைத் திருத்தித் தருகிறேன். அடிக்கடி வரும் ஜோடி, யூரிப்பிடீஸின் மெடீயாவும் ஃபிரீட்ரிக் டூரன்மாட்டின் 'மூதாட்டியின் வருகை' நாடகத்தில் வரும் கோடீஸ்வரி கிளேர் சக்கனாசியனும். முதல் நாடகம் கி.மு. 431இல் ஏதென்ஸில் மேடையேறியது. இரண்டாவது 1956இல் சூரிச்சில். மெடீயாவை ஜேசன் கைவிட்டு இளவரசியை மணக்கிறான். கிளேரைக் கர்ப்பிணியாக்கிவிட்டு, ஒரு போத்தல் சாராயத்துக்குப் பொய்சாட்சி வாங்கி நீதிமன்றத்தில் தப்பித்தவன் ஆல்ஃபிரட். இருவரும் பழிவாங்குகிறார்கள்: மெடீயா தன் பிள்ளைகளையே கொன்று, கிளேர் கோடீஸ்வரியாக ஊர் திரும்பி ஆல்ஃபிரட்டின் உயிருக்கு விலை வைத்து. ஒப்பிட நல்ல ஜோடிதான்.

ஆனால் மாணவனாக இருந்தபோது நான் எழுதிய அதே பிழைகள் இப்போது வரும் கட்டுரைகளிலும் வரிசையாக நிற்கின்றன. பெயரைத் தப்பாக எழுதுவது, ஆண்டை மாற்றிப்போடுவது எல்லாம் இங்கே வேண்டாம். அவற்றை யார் வேண்டுமானாலும் திருத்திவிடலாம்.

ஒப்புமையை நீங்களே கண்டுபிடித்ததாக எழுதுவது

மூன்றாம் அங்கத்தில், கிளேரின் சொந்த ஊரான கூலெனின் பள்ளி ஆசிரியர், கிளேரின் முகத்துக்கு நேராகவே அவள் ஒரு மெடீயாவைப் போல இருப்பதாகச் சொல்லிவிடுகிறார். நாடகத்தின் பின்குறிப்பில் டூரன்மாட்டும் அதே பெயரைச் சொல்கிறார். ஆகவே "கிளேர் ஒரு நவீன மெடீயா" என்று முடிவுரையில் எழுதினால், ஆசிரியர் பாத்திரம் பேசிய வசனத்தைத் திருப்பிச் சொன்னதாகத்தான் ஆகும். அந்தப் பள்ளி ஆசிரியர் அதை எப்போது சொல்கிறார் என்று பாருங்கள். ஊரின் ஆலைகளை வாங்கி நடத்துங்கள் என்று கெஞ்ச வந்திருக்கிறார். அவற்றையெல்லாம் முன்பே ஆள் வைத்து வாங்கி மூடிவைத்ததே தான்தான் என்கிறாள் அவள். குளிர்காலத்தில் வயிற்றுப் பிள்ளையோடு ஊரைவிட்டுப் போனபோது ஊரார் இளித்துக்கொண்டு நின்றதையும் சொல்கிறாள். அதற்கப்புறம்தான் மெடீயா பேச்சு வருகிறது, பழியைக் கைவிடச் சொல்லும் வேண்டுகோளுக்கு முன்னுரையாக. எதிரிகள் தன்னைப் பார்த்துச் சிரிப்பதை மட்டும் பொறுக்க முடியாது என்று மெடீயாவும் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். ஒப்பிட வேண்டுமானால் அந்தச் சிரிப்பைப் பிடியுங்கள்.

வேறு வடிவத்தைப் பார்த்துவிட்டு எழுதுவது

1964இல் இங்க்ரிட் பெர்க்மன் நடித்து வந்த படத்தில் ஆல்ஃபிரட் பாத்திரம் உயிர் பிழைக்கிறது. நாடகத்தில் பிழைப்பதில்லை. ரோமானிய நாடகாசிரியர் செனெகாவின் மெடீயா பார்வையாளர் கண்முன்னே பிள்ளையைக் கொல்கிறாள். யூரிப்பிடீஸில் கொலை கதவுக்குப் பின்னால். எதை எடுத்தீர்கள் என்று முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

கோரஸை விட்டுவிட்டு இரண்டு பெண்களை மட்டும் பார்ப்பது

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது இதுதான். கோரஸ் என்றால் கிரேக்க நாடகத்தில் ஒன்றாக நின்று பாடியும் பேசியும் வரும் கூட்டம். மதிப்பெண்ணும் இங்கேதான் போகிறது, புரிதலும் இங்கேதான் போகிறது.

ஒரு வகுப்பில் ஒரு பையன் கட்டுரை வாசித்தான். அழகான நடை. மெடீயாவின் கோபம், கிளேரின் கோபம், கைவிடப்பட்ட பெண்ணின் மனம் என்று பக்கம் பக்கமாகப் போயிற்று. முடித்ததும், "ஆல்ஃபிரட்டைக் கொன்றது யாரு தம்பி?" என்று கேட்டேன்.

"கிளேர்தான் சார்."

புத்தகத்தைத் திறந்து அந்த இடத்தை வாசிக்கச் சொன்னேன். ஊர்க்கூட்டம் முடிகிறது. நிருபர்கள் சாப்பிடப் போயிருக்கிறார்கள். விளக்கு மங்குகிறது. ஆண்கள் இரண்டு வரிசையாக நின்று நடுவில் ஒரு சந்து விடுகிறார்கள். ஆல்ஃபிரட் அதற்குள் நடக்கிறான். சந்து மூடிக்கொள்கிறது. திரும்ப விலகும்போது அவன் தரையில் கிடக்கிறான். மருத்துவர் குனிந்து பார்த்து மாரடைப்பு என்கிறார். ஆனந்தத்தில் இறந்துபோனான் என்கிறார் மேயர். கிளேர் அதற்குப் பிறகுதான் உள்ளே வருகிறாள், முகத்தைப் பார்க்கிறாள், காசோலையைக் கொடுக்கிறாள்.

"அப்ப அவ அந்த இடத்துலயே இல்லையா சார்?" என்றான் பையன்.

இல்லை. அதுதான் நாடகமே.

இப்போது மெடீயாவிடம் வாருங்கள். கொரிந்துப் பெண்களின் கோரஸிடம் அவள் தொடக்கத்திலேயே மௌனம் கேட்கிறாள். ஜேசனைத் தண்டிப்பது நியாயம் என்று சொல்லி அவர்களும் சம்மதிக்கிறார்கள். பிள்ளைகளையே கொல்லப்போகிறாள் என்று தெரிந்ததும், 811ஆம் வரியில், இதைச் செய்யாதே என்று நேராகத் தடுக்கிறார்கள். பிறகு உள்ளேயிருந்து பிள்ளைகளின் அலறல் கேட்கும்போது, உள்ளே போகலாமா என்று தவிக்கிறார்கள், போகவில்லை. அவர்கள்மேல் குற்றம் சொல்வதென்றால், வாயை மூடிக்கொண்டது, வாசலில் நின்றுவிட்டது. கத்தி கடைசிவரை மெடீயா கையில்தான் இருக்கிறது.

கூலெனில் கத்தி கோரஸின் கைக்கு, அதாவது ஊராரின் கைக்கு, மாறுகிறது. மாறுகிற விதத்தை டூரன்மாட் மளிகைக் கடையில் வைத்துக் காட்டுகிறார். ஆல்ஃபிரட்டின் உயிருக்கு நூறு கோடி, பாதி ஊருக்கு, பாதி எல்லாக் குடும்பங்களுக்கும் என்று கிளேர் அறிவித்ததும், மனிதத்தன்மையின் பெயரால் மறுக்கிறோம் என்று மேயர் சொல்கிறார். கைதட்டல். காத்திருக்கிறேன் என்கிறாள் அவள். அடுத்த அங்கத்தில் ஆல்ஃபிரட்டின் கடைக்கே வந்து நல்ல பால், உயர்ந்த புகையிலை, கோன்யாக் எல்லாம் கணக்கில் எழுதச் சொல்லி வாங்கிப்போகிறார்கள். ஒரு கட்டத்தில் அவன் கண்ணில் காலணிகள் படுகின்றன. வந்தவர்கள் எல்லார் காலிலும் புது மஞ்சள் காலணி. எதை வைத்துக் கடனை அடைக்கப்போகிறீர்கள் என்று கத்துகிறான். போலீஸ்காரரிடம் ஓடினால் அங்கே புதுத் தங்கப்பல். பாதிரியாரிடம் ஓடினால் மேலே புது மணி ஒலிக்கிறது. யாரும் கொலை செய்ய முடிவெடுக்கவில்லை. ஆளுக்கொரு பொருள் வாங்கினார்கள், அவ்வளவுதான்.

மெடீயாவின் புகழ்பெற்ற தனிப்பேச்சில் அவள் கொல்கிறேன் என்கிறாள், முடியாது என்கிறாள், பிள்ளைகளின் கண்ணைப் பார்த்து உடைகிறாள், மறுபடி உறுதியாகிறாள். அந்த ஊசலாட்டத்துக்கு இணையைக் கிளேரிடம் தேடினால் கிடைக்காது. அது ஊர்க்காரர்களின் கடன் கணக்கில் இருக்கிறது. ஒரு பெண்ணின் மனதில் நடந்ததை டூரன்மாட் ஒரு முழு ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்திருக்கிறார். கடைசிக் காட்சியில் ரயில் நிலையத்தில் ஊரார் பகட்டு உடையில் நின்று, கிரேக்கக் கோரஸின் பாணியில், வறுமையைவிடக் கொடியது எதுவுமில்லை என்று பாடுகிறார்கள். அந்தப் பாட்டைத் தொடாத ஒப்பீட்டுக் கட்டுரை பாதிக் கட்டுரை.

எரிச்சலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. "கிளேர் கொன்றாள்" என்று எழுதும்போது கூலென் மக்களை விடுதலை செய்துவிடுகிறீர்கள். அவர்கள் வேண்டியதும் அதுதான்.

காமெடி என்றால் சிரிப்பு என்று எண்ணுவது

நாடகத்தின் துணைத்தலைப்பே 'துன்பியல் இன்பியல்'. குற்றத்தைத் தன்மேல் ஏற்க ஒரு தனி ஆள் இருந்தால்தான் துன்பியல் நடக்கும், பொறுப்பு எல்லார்மேலும் சிதறிப்போன காலத்துக்கு நகைச்சுவைதான் பொருந்தும் என்பது டூரன்மாட்டின் வாதம். கிளேரின் செயற்கைக் காலையும் மாறிக்கொண்டே இருக்கும் கணவர்களையும் பட்டியலிடுவதற்கு முன் இதைச் சொல்லுங்கள்.

கிளேரிடம் மனமாற்றம் தேடுவது

தேடாதீர்கள். சவப்பெட்டியை அவள் ரயிலிலேயே கொண்டுவந்திருக்கிறாள்.

ஈஜியஸ் காட்சியைத் தாண்டிப் போவது

இரண்டு வரியாவது எழுதுங்கள். ஏதென்ஸில் அடைக்கலம் தருவதாக அந்நாட்டு அரசன் ஈஜியஸ் சத்தியம் செய்த பிறகுதான் மெடீயா முழுத்திட்டத்தையும் வாய்விட்டுச் சொல்கிறாள். போக்கிடம் இல்லாத அந்நியப் பெண் அவள். கிளேருக்கு அந்தக் கவலையே கிடையாது; காப்ரித் தீவில் கல்லறை மாளிகைகூடத் தயார்.