கார் ஸ்பீக்கரில் இடம், வலம் பார்க்கும்போது விடுகிற பிழைகள்

கல்முனையிலிருந்து சொந்தக்காரத் தம்பி ஒருவர் தன் வானை மட்டக்களப்புக்குக் கொண்டுவந்தார். "அண்ணன், புது ரேடியோ செட் போட்ட நாளிலிருந்து பாட்டு ஒரு மாதிரிக் கேக்குது" என்றார். முன் சீட்டில் ஏறி, இடப்பக்கம் மட்டும் ஒலிக்க வேண்டிய பதிவைத் தொலைபேசியில் போட்டேன். குரல் வலக் கதவிலிருந்து வந்தது.

அவர் பார்த்துப் பொருத்திய காணொளி அமெரிக்காவில் எடுத்தது. அங்கே 'டிரைவர் சைட்' என்றால் இடது. நமக்கு ஸ்டியரிங் வலப்பக்கம். ஆகவே 'டிரைவர் சைட்' என்ற சொல்லையே விட்டுவிடுங்கள். சீட்டில் முன்னோக்கி இருக்கும்போது உங்கள் இடக்கைப் பக்கம் எதுவோ அதுதான் இடது. பொனட் முன்னால் நின்று வாகனத்தைப் பார்த்தால் அது மாறித் தெரியும்.

நம் பக்கம் செட் மாற்றுகிறவர்கள் ஏன் அதிகம் என்றால், ஜப்பானிலிருந்து வந்த வாகனங்களின் பழைய ரேடியோ 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும். நம் எஃப்எம் 88இலிருந்து 108 வரை போகிறது. சரி, புது செட் வாங்குகிறோம், வயரை வெட்டி முறுக்குகிறோம். பிழை தொடங்குவது அங்கேதான்.

வெளியில் வாங்கும் செட்டுகளில் பெரும்பாலும் முன் இடது வெள்ளை, முன் வலது சாம்பல், பின் இடது பச்சை, பின் வலது ஊதா. கறுப்புக் கோடு போட்ட துணை வயர் மைனஸ். ஆனால் வாகனத்துடன் வந்த வயர்கள் இந்த ஒழுங்கில் இருப்பதில்லை. பல டொயோட்டாக்களில் முன் இடது பிளஸ் இளஞ்சிவப்பு; வெள்ளை, பின் வலதின் மைனஸ். வெள்ளையோடு வெள்ளையைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முடிந்தால் வெட்டாமல், அந்த வாகனத்தின் ரேடியோ பிளக்கில் அப்படியே செருகும் இணைப்பு வயரை வாங்கிப் போடுவதே நல்லது.

செய்தி வாசிப்பையோ தொலைபேசி அழைப்பையோ வைத்து இடம் வலம் பார்ப்பது அடுத்த பிழை. இரண்டிலும் ஒரே குரல்தான் இரு பக்கமும் போகிறது. பக்கம் மாறியிருந்தாலும் தெரியாது. எஃப்எம் பாட்டும் சிக்னல் மெலிந்தால் மோனோவாகிவிடும், அதாவது இரு பக்கமும் ஒரே ஒலிதான். 'லெஃப்ட் ரைட் டெஸ்ட்' பதிவொன்றை எடுத்து, முதலில் இயர்போனில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். தொலைபேசியில் மோனோ ஆடியோ போட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்புறம் செட்டில் பேலன்ஸை (இடம் வலம் மாற்றுவது) முழுக்க இடப்பக்கமும் ஃபேடரை (முன் பின் மாற்றுவது) முழுக்க முன்பக்கமும் தள்ளினால் ஒரே ஒரு கதவு பேச வேண்டும். இப்படியே நான்கையும் தனித்தனியாகக் கேளுங்கள். வலது சீட்டில் இருந்தபடி 'இடது சத்தம் குறைவு' என்று முடிவு செய்துவிடாதீர்கள். வலது ஸ்பீக்கர் உங்கள் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவ்வளவுதான்.

பக்கம் சரியாகி, ஒரு ஸ்பீக்கரில் மட்டும் பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். எல்லா ஸ்பீக்கரும் ஒலிக்கும், ஆனால் பேஸ் மெலிந்துவிடும். கூத்துப் பதிவில் மத்தளத்தின் கனத்த அடி தக்கையாகக் கேட்கும். நடுவிலிருந்து வரவேண்டிய பாடகரின் குரல் இருபுறமும் கலைந்து நிற்கும். சோதிக்க, ஸ்பீக்கர் வயரை செட்டிலிருந்து முற்றாகக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்டோர்ச் பற்றரியை ஒரு நொடி தொட்டு எடுங்கள். பிளஸ்ஸில் பிளஸ் பட்டால் கோன், அதாவது ஸ்பீக்கரின் அதிரும் கூம்பு, வெளியே தள்ளும். உள்ளே இழுத்தால் வயர் மாறியிருக்கிறது. செட்டோடு இணைந்திருக்கும்போது பற்றரியை வைக்காதீர்கள். கீச்சொலிக்கான சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டரில் வைக்கவும் வேண்டாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து, நான்கு மைனஸ் வயரையும் ஒன்றாக முறுக்கி எர்த்தில், அதாவது வாகனத்தின் இரும்பு உடலில், கொடுப்பது. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கர் மைனஸ் எர்த் அல்ல. இரண்டு வயரிலும் எர்த்துக்கு எதிராக ஏறக்குறைய 6 வோல்ட் இருக்கும். அதை இரும்பில் தொட்டால் உள்ளே ஒலியைப் பெருக்கும் ஆம்ப் எரியக்கூடும்.

தம்பியின் வானில் பக்கத்தை மாற்றிப் போட்ட பிறகும் இடக் கதவு விட்டுவிட்டுத்தான் பேசியது. புது ஸ்பீக்கர் வாங்கவா என்று கேட்டார். கதவை மெல்லத் திறந்து மூடிக்கொண்டே கேட்டோம். பாதி திறந்த இடத்தில் சத்தம் வெட்டியது. கீல் பக்கத்து ரப்பர்க் குழாயை இழுத்துப் பார்த்தால், வயரின் உறை வெடித்து, செம்பு இழைகள் கடல் உப்பில் பச்சை பூத்து, இரண்டே இரண்டு இழையில் தொங்கிக்கொண்டிருந்தன. பச்சையான பகுதியை வெட்டி, புதுத் துண்டு வைத்துப் பற்றாசு பிடித்து, ரப்பரை மறுபடி ஏற்றினோம். ஸ்பீக்கர் பழையதுதான், இப்போது நன்றாகப் பேசுகிறது.